ஊசிமுனையில் ஒரு காது

'எடைக்குப் போட்டா என்ன தருவீங்க?' என்று கேட்டேன்.

பழைய பேப்பர்காரர் மிஷினை ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்தார். அடியில் இருக்கும் இரும்புக் காலை ஒரு தட்டு தட்டினார். 'ஆயிரத்து இருநூறு தரேன் சார். பலகைக்குக் காசு கிடையாது.'

நியாயமான விலை என்றுதான் தோன்றியது. பத்துப் பன்னிரண்டு வருடங்களாகப் பால்கனியில், ஒரு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் கிடந்த தையல் மிஷின். மேலே இருந்த தங்க எழுத்தெல்லாம் அழிந்து, இன்ன கம்பெனி என்றுகூடச் சொல்ல முடியாது. சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால் அசையாது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரப்போகிறார். இடத்தை அடைத்துக்கொண்டு இது எதற்கு?

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மிஷினின் பக்கவாட்டில் இருந்த சின்ன டிராயரை இழுத்தாள். வரவில்லை. இரண்டாம் முறை பலமாக இழுத்ததில் வந்தது. உள்ளே துருப்பிடித்த இரண்டு பாபின், ஒரு துண்டு சாக்பீஸ், கொஞ்சம் கொக்கி, அதற்கெல்லாம் அடியில் பழுத்துப்போன ஓர் அட்டை.

தவணை அட்டை. மொத்தம் 24 கட்டம். மாதம் 45 ரூபாய். 1984இல் ஆரம்பித்து 1986இல் முடிந்திருக்கிறது. 24 கட்டத்திலும் கடைக்காரரின் கையெழுத்து. ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

'மிஷினை என்ன வேணா பண்ணிக்கோ. இதை நான் வெச்சுக்கறேன்' என்று அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் பி.காம். படித்தவன். வரவு செலவு தெரியும். அந்த பி.காமுக்கு ஃபீஸ் கட்டியது, மதுரையில் ஒண்டுக் குடித்தனத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அம்மா தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுகள் என்பதும் தெரியும். பேப்பர்காரரிடம் வெறும் பேப்பரை மட்டும் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் மெக்கானிக் பாய் வந்தார். மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருப்பவர். தையல் மிஷின் தவிர வேறு எதையும் தொடமாட்டார். மிஷினின் தலையைப் பின்னால் சாய்த்து, டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார்.

'இதுக்கு என்னம்மா எண்ணெய் விட்டீங்க?'

அம்மா கொஞ்சம் தயங்கி, 'தேங்காய் எண்ணெய்' என்றாள்.

பாய் என்னைப் பார்த்தார். 'மிஷின் கெடல சார். எண்ணெய் காஞ்சு பிசினாயிருக்கு. ஊர்ல பாதி மிஷின் இப்படித்தான் ஏங்கிட்ட வருது. கழட்டி மண்ணெண்ணெய்ல ஊறவெச்சா எந்திரிச்சுடும்.'

தரையில் செய்தித்தாளை விரித்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். ஊசி. ஊசியைப் பிடிக்கும் தண்டு. துணியை அமுக்கும் ஃபுட். அதற்கு அடியில் துணியைத் தள்ளும் பல்லு. பாபின், பாபின் கேஸ், அதைச் சுற்றி ஓடும் கொக்கி.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு சாமான். அவ்வளவுதான் மிஷின். ஆனால் அந்தச் செய்தித்தாளில் கிடந்த ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஒரு மனிதனின் தூங்காத ராத்திரிகளும் இன்னொரு மனிதனின் வக்கீல் ஃபீஸும் இருக்கின்றன. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

*

முதலில் ஊசி.

மனிதன் எலும்பில் ஊசி செய்த காலத்திலிருந்து, பல்லாயிரம் வருடங்களாக, ஊசிக்குக் காது ஒரே இடத்தில்தான். கூரான முனைக்கு எதிர்ப்பக்கம். கையால் தைக்கும்போது ஊசி முழுக்கத் துணிக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வரவேண்டும். நூல் முழுக்க அதன் பின்னாலேயே போகவேண்டும். ஒரு கை குத்தும், மறு கை வாங்கும்.

மிஷின் செய்ய முயன்றவர்களில் பலர் ஆரம்பத்தில் இந்தக் கையைத்தான் இரும்பில் செய்யப் பார்த்தார்கள். இரும்புக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை.

1790இல் லண்டனில் தாமஸ் செயின்ட் என்ற தச்சர், தோல் தைக்கும் மிஷின் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை அவர் செய்து ஓட்டினாரா என்பதற்குத் தடயமே இல்லை. படம் மட்டும் அரசாங்கக் காகிதக் கட்டில் எண்பது வருடத்துக்கு மேல் தூங்கியது. பிறகு ஒருவர் கண்டெடுத்து, அதே போலச் செய்து பார்த்தார். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் மாற்றின பிறகுதான் தைத்தது.

அடுத்தவர் பிரான்ஸ்காரர். பார்த்தெலெமி திமோனியே. தொழிலே தையல். 1830இல் காப்புரிமை வாங்கினார். பெரும்பாலும் மரத்தால் ஆன மிஷின். சங்கிலித் தையல் போடும். ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைக்க பாரீஸில் 80 மிஷின்களோடு ஒரு பட்டறையே நடந்தது. மறு வருடம் ஊரில் உள்ள தையல்காரர்கள் கூட்டமாக உள்ளே புகுந்தார்கள். மிஷின்களை அடித்து நொறுக்கினார்கள். திமோனியே உயிர் தப்பியதே பெரிய விஷயம். 1857இல் சொந்த ஊர்ப் பக்கம் ஏழையாகவே செத்துப்போனார்.

அந்தத் தையல்காரர்களை முட்டாள்கள் என்று திட்டிவிடலாம். சுலபம். ஆனால் அவர்கள் பயந்தது இரும்பைப் பார்த்தா, இரும்பு யாருக்குச் சொந்தம் என்பதைப் பார்த்தா? அந்த 80 மிஷின் ஆளுக்கு ஒன்றாக அவரவர் வீட்டில் இருந்திருந்தால் எவன் உடைத்திருப்பான்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது அமெரிக்கா. நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்று ஒரு மகா மூளைக்காரர். 1830களின் ஆரம்பத்தில் ஒரு விஷயம் அவருக்குப் பளிச்சென்று பிடிபட்டது. ஊசி முழுக்க அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை! காதைத் தூக்கி ஊசிமுனையில் வைத்துவிட்டால் போதும். முனை துணியைக் குத்தும். நூல் கூடவே அடியில் போகும். ஊசி லேசாக மேலே எழும்பும்போது அடியில் நூல் ஒரு வளையமாகத் தொங்கும். அந்த வளையத்துக்குள் இன்னொரு நூலை நுழைத்துவிட்டால்? இரண்டு நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிரியாது.

இன்றைக்கு வரைக்கும் உங்கள் வீட்டு மிஷின் தைப்பது இந்தத் தையல்தான்.

ஹன்ட் என்ன செய்தார்? காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. 'இது வந்தால் ஊசியை நம்பிப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் கதி என்ன ஆகும்?' என்று அவர் மகள் கேட்டாள், அதனால் விட்டுவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். இதே மனிதர்தான் 1849இல் சேஃப்டி பின்னைக் கண்டுபிடித்து, அதன் உரிமையை 400 டாலருக்கு விற்றவர். பணம் பண்ணுவதற்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது மட்டும் நிச்சயம்.

*

ஹன்ட் விட்ட இடத்துக்கு, அவரைப் பற்றி ஒன்றும் தெரியாமலே, இன்னொருவர் வந்து சேர்ந்தார். எலியாஸ் ஹோவ். மாசசூசெட்ஸ் மாகாணத்துக்காரர். பாஸ்டனில் மெக்கானிக் வேலை. உடம்பு பலவீனம். அடிக்கடி வேலைக்குப் போக முடியாது. மனைவி எலிசபெத் அடுத்தவர் துணியைத் தைத்துத்தான் குடும்பம் ஓடியது. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த மனிதனுக்கு வேறு என்ன யோசனை வரும்?

1845இல் மிஷின் தயார். ஊரில் உள்ள துணி ஆலைக்குக் கொண்டுபோய்ப் போட்டி வைத்தார். ஒரு பக்கம் மிஷின், மறு பக்கம் கைதேர்ந்த ஐந்து தையல்காரிகள். நிமிடத்துக்கு 250 தையல். ஐந்து பேரையும் மிஷின் ஜெயித்தது. 1846 செப்டம்பர் 10ஆம் தேதி காப்புரிமையும் கிடைத்தது. எண் 4750.

எத்தனை மிஷின் விற்றது தெரியுமா?

ஒன்றுகூட இல்லை. விலை 300 டாலர். அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளம். போதாக்குறைக்கு அது நேர்த் தையல் மட்டும்தான் போடும். துணியை முள்ளில் குத்தித் தொங்கவிட வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, மறுபடி குத்தவேண்டும்.

இங்கே வேலைக்காகாது என்று இங்கிலாந்து போனார். அங்கே வில்லியம் தாமஸ் என்கிற முதலாளி 250 பவுண்டுக்கு உரிமையை வாங்கிக்கொண்டு, ஹோவையே வாரக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார். கொஞ்ச நாளில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. கையில் காசில்லை. மிஷினையும் காப்புரிமைக் காகிதத்தையும் அடகு வைத்து, கப்பலேறித் திரும்பினார். 1849இல் அவர் ஊர் வந்து சேர்ந்தபோது எலிசபெத் காச நோயில் கடைசிக் கட்டத்தில் இருந்தாள். எந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுக்க மிஷின் செய்தாரோ அந்தக் கைகள் போய்விட்டன.

அதே சமயம் அமெரிக்கா முழுக்க ஆளாளுக்குத் தையல் மிஷின் செய்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். அத்தனையிலும் ஊசிமுனையில் காது.

ஹோவ் கோர்ட்டுக்குப் போனார்.

*

பாய் ஃபுட்டை எடுத்து மண்ணெண்ணெயில் போட்டார். இது சிங்கரின் சமாசாரம்.

ஐசக் மெரிட் சிங்கர். 1811இல் பிறந்தவர். ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட நடிகர். ஆறடிக்கு மேல் உயரம், கணீர்க் குரல், பல பெண்கள் மூலம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். நல்ல மனிதர் என்று யாரும் சான்றிதழ் கொடுக்கமாட்டார்கள். 1850இல் பாஸ்டனில் ஒரு பட்டறையில் ரிப்பேருக்கு வந்திருந்த வேறொருவரின் தையல் மிஷினைப் பார்த்தார். 'இப்படியா செய்வது?' என்று ஆரம்பித்தார். 40 டாலர் கடன். 11 நாள். வேலை முடிந்தது.

என்ன மாற்றினார்? துணியைத் தொங்கவிடாமல் மேஜை மேல் படுக்கவைத்தார். ஊசியை நிமிர்த்தி மேலும் கீழும் ஓடவிட்டார். ஊசி மேலே போகும்போது துணியும் கூடவே எழும்பாதபடி ஒரு காலை வைத்து அமுக்கினார். சக்கரத்தைக் காலால் மிதிக்க வைத்தார். இரண்டு கையும் துணியைத் திருப்புவதற்கு மிச்சம்! வளைவாகத் தைக்கலாம். கழுத்து வெட்டலாம், கைக்குழி மூட்டலாம். 1851 ஆகஸ்ட் 12ஆம் தேதி காப்புரிமை.

ஆனால் துணியைத் தள்ளுவது யார்? பல்லு! அது ஆலன் வில்சன் என்ற தச்சரின் மூளை. மேலே எழும்பு, முன்னால் தள்ளு, கீழே இறங்கு, பின்னால் வா. இந்த நாலு அசைவை 1854இல் பதிவு செய்தார். பாபினைச் சுற்றி ஓடும் கொக்கியும் அவர் கொடுத்ததுதான்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். ஊசி ஹோவிடம். தண்டும் ஃபுட்டும் சிங்கரிடம். பல்லும் கொக்கியும் வில்சன் கம்பெனியிடம். ஒருவருடைய சரக்கு இல்லாமல் இன்னொருவர் முழு மிஷின் செய்யமுடியாது. அதனால் எல்லாரும் எல்லார் மேலும் கேஸ் போட்டார்கள். சிங்கர் சும்மா இருக்கவில்லை. தேடிப்பிடித்து வால்டர் ஹன்ட்டைக் கொண்டுவந்து, 'ஊசிமுனைக் காது இவருடையது, ஹோவுடையது அல்ல' என்று நிறுத்தினார். முதலில் கண்டது ஹன்ட்தான் என்பதை அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இத்தனை வருடம் கேட்காமல் விட்டவனுக்கு இனி உரிமை இல்லை, ஹோவின் காப்புரிமை செல்லும் என்று 1854இல் தீர்ப்பானது. சிங்கர் 15,000 டாலரை ஹோவிடம் எண்ணிவைத்தார்.

1856இல் ஆல்பனி நகரத்தில் இன்னொரு பெரிய வழக்கு. எல்லா கம்பெனிக்காரர்களும் ஹோட்டலில் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆர்லாண்டோ பாட்டர் என்ற வக்கீல் சொன்னார்: இப்படியே போனால் சம்பாதிப்பது முழுக்க நம் வக்கீல்களுக்குத்தான். பேசாமல் எல்லா உரிமையையும் ஒரே பானையில் போடுவோம். மிஷின் செய்கிறவர்கள் அந்தப் பானைக்குக் கப்பம் கட்டட்டும்.

கட்டினார்கள். மிஷினுக்கு 15 டாலர். அதில் ஹோவுக்கு மட்டும் ஐந்து. ஒரு வேளைச் சோற்றுக்கு அல்லாடிய மனிதர் கோடீஸ்வரராகத்தான் 1867இல் செத்துப்போனார். எலிசபெத் பார்க்கவில்லை.

*

இனி அம்மாவின் அட்டை. அதற்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு.

எட்வர்ட் கிளார்க். சிங்கரின் பங்குதாரர். வக்கீல். அவர் கவனித்தது மிகச் சாதாரணமான ஒரு விஷயம். மிஷின் யாருக்குத் தேவையோ அவளிடம் காசு இல்லை. காசு இருப்பவளுக்கு மிஷின் தேவையில்லை. அப்போது வீட்டு மிஷினே 100 டாலரைத் தாண்டும். மொத்தமாக எடுத்து வைக்க எந்தக் குடும்பத்தால் முடியும்?

1856இல் கிளார்க் அறிவித்தார். கொஞ்சம் முன்பணம் கொடுங்கள். மிஷினை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மிச்சத்தை மாதாமாதம் கட்டுங்கள். கட்டி முடிக்கும்வரை மிஷின் கம்பெனியுடையது. முடித்தபின் உங்களுடையது.

1855இல் சிங்கர் கம்பெனி செய்த மிஷின்கள் 883. 1856இல் 2,564. மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைச்சல்! மிஷினில் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றாமல்.

தவணையில் முள்ளும் இருந்தது. ஒரு மாதம் தவறினால் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவான். அதுவரை கட்டியது அம்பேல். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாதாரண வீட்டுப் பெண் தன் பெயரில் ஓர் இயந்திரம் வாங்கலாம், அதை வைத்தே அதற்கான கடனை அடைக்கலாம் என்று யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா?

மிஷினால் என்ன லாபம்? 1861இல் வீலர் அண்ட் வில்சன் கம்பெனி ஒரு கணக்கு வெளியிட்டது. ஆண்களுக்கான ஒரு சட்டையைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம். மிஷினில் 1 மணி 16 நிமிடம். விற்கிறவன் போட்ட கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். அப்படியும் ஒரு சட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மிச்சம்.

இங்கேதான் எனக்குள் இருக்கும் பி.காம். எழுந்து உட்காருகிறான். மிச்சமான அந்த நேரம் யார் கணக்கில் வரவு வைக்கப்பட்டது?

வீட்டில் மிஷின் இருந்தவளுக்கு, அவள் கணக்கில். குழந்தையோடு இருக்கலாம், தூங்கலாம், இன்னொரு சட்டை தைத்துக் காசாக்கலாம். அவள் இஷ்டம். முதலாளியின் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு அப்படி இல்லை. ஒரு சட்டைக்கு ஆகும் நேரம் குறைந்தது, ஒரு சட்டைக்கான கூலியும் குறைந்தது. பத்துச் சட்டை தைத்த இடத்தில் நூறு தைத்தாள். வீட்டுக்குப் போகும் நேரம் மட்டும் மாறவில்லை.

1911 மார்ச் 25. நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்றொரு கம்பெனி. பெண்களின் ரவிக்கை தைக்கும் இடம். பத்து மாடிக் கட்டடத்தில் மேல் மூன்று மாடிகள். வரிசை வரிசையாக மிஷின்கள். சாயங்காலம் தீப்பிடித்தது. ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த இளம்பெண்கள். பலர் ஜன்னல் வழியாகக் குதித்துச் செத்தார்கள்.

நூறு வருடத்துக்கு முந்தைய சமாசாரம் என்று நினைக்கவேண்டாம். 2013 ஏப்ரல் 24. வங்க தேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் ரானா பிளாசா. முதல் நாளே சுவரில் விரிசல். இருந்தும் மறுநாள் வேலைக்கு வரச்சொன்னார்கள். கட்டடம் சரிந்து 1,100 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள்.

அதே ஊசி. அதே காது. அதே பல்லு. மதுரையில் என் அம்மா மிதித்ததும் அதைத்தான். அம்மாவுக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் 24 கையெழுத்து.

*

இந்த வித்தியாசத்தை நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் அப்போதே கண்டுகொண்டார். யந்திரம் என்றாலே எதிரி என்று பெயர் வாங்கியவர். மகாத்மா காந்தி.

1924இல் டெல்லியில் அவரிடம் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் விடாமல் கேள்வி கேட்டார். பின்னாளில் மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உண்டாக்கிய அதே ஜி. ராமச்சந்திரன்தான். எல்லா யந்திரத்துக்கும் நீங்கள் விரோதியா என்றார். இல்லை, விதிவிலக்கு உண்டு என்ற காந்தி எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் மிஷினை. உலகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட உருப்படியான பொருள்கள் சிலவற்றில் அது ஒன்று. தன் மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைக் கண்டு, அவள் மேல் வைத்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார். இதுதான் காந்தி சொன்னதன் சாரம்.

காந்திக்கு ஆள் மாறிவிட்டது. சிங்கருக்கும் பெண்டாட்டி மேல் பிரியத்துக்கும் உள்ள சம்பந்தத்தை மேலேயே பார்த்தோம். அந்தக் கதை எலியாஸ் ஹோவுக்கு வேண்டுமானால் பொருந்தும். ஆனால் சொல்ல வந்த விஷயம் மாறவில்லை.

ராமச்சந்திரன் விடவில்லை. அந்த மிஷினைச் செய்ய ஒரு ஃபேக்டரி வேண்டுமே, அங்கே பெரிய யந்திரங்கள் ஓடுமே? வேண்டும்தான் என்று ஒப்புக்கொண்டார் காந்தி. ஆனால் அப்படிப்பட்ட ஃபேக்டரி தேசத்தின் கையில் இருக்கவேண்டும், லாபத்துக்காக அல்ல, மனிதருக்காக ஓடவேண்டும் என்றார். அவருக்குப் பிரச்னை இரும்பல்ல. இரும்பு யாருடையது என்பதுதான்.

பாரீஸில் மிஷினை உடைத்த தையல்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டையை எடுத்துவிட்டார்கள்.

பிற்பாடு தமிழக அரசு ஆதரவில்லாத பெண்களுக்கு உதவ நினைத்தபோதும் அதே மிஷின்தான் ஞாபகம் வந்தது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் திட்டம் வந்தது அப்படித்தான்.

*

மூன்று மணி நேரம் ஊறிய பிறகு பாய் சக்கரத்தைப் பிடித்தார். கால் சுற்று வந்தது. நின்றது. இன்னும் இரண்டு சொட்டு. அரைச் சுற்று. உள்ளே பல்லுக்கு அடியில் உலர்ந்த நூலும் பஞ்சுமாக ஒரு கைப்பிடி அடைத்திருந்ததை ஊக்கால் நோண்டி எடுத்தார். சிவப்பு, பச்சை, நீலம். எந்தெந்த வீட்டு ஜாக்கெட்டோ! பிறகு முழுச் சுற்று. பழைய மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு, ஓட்டை ஓட்டையாகத் தேடி மிஷின் எண்ணெய் விட்டார்.

'பாபின் கேஸ் தேஞ்சுபோச்சு. பெல்ட் புதுசு போடணும். ஊசி மாத்தணும்' என்றார்.

'நாப்பது வருஷத்துப் பழசாச்சே பாய், கிடைக்குமா?'

சிரித்தார். பையைத் திறந்து ஒரு பாபின் கேஸை எடுத்தார். 'எந்தக் கம்பெனி மிஷின்னே தெரியாம இருக்கட்டும் சார். இந்த மாடல் கறுப்பு மிஷினுக்கெல்லாம் இதே சாமான்தான். லூதியானாவுல இருந்து வருது.'

கேஸ் உட்கார்ந்தது. கச்சிதமாக.

அங்கேதான் எனக்கு இந்தக் கதையின் கடைசிக் கண்ணி கிடைத்தது. ஆல்பனியில் பானை வைத்துக் கப்பம் வாங்கினார்கள் அல்லவா? அந்தப் பானையில் இருந்த கடைசிக் காப்புரிமை 1877இல் காலாவதியானது. அன்றோடு ஊசிமுனைக் காது ஹோவுடையது இல்லை, ஃபுட் சிங்கருடையது இல்லை, பல்லு வில்சனுடையது இல்லை. விலை சரிந்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. ஜெர்மனியில் செய்தார்கள், ஜப்பானில் செய்தார்கள், 1930களில் கொல்கத்தாவில் உஷா வந்தது, லூதியானாவில் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. ஒரே அளவு, ஒரே அச்சு.

சிங்கர் கம்பெனி ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் 1880களில் கட்டிய தொழிற்சாலை ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய தையல் மிஷின் தொழிற்சாலை. 1980இல் மூடிவிட்டார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்கு மட்டும் இன்னும் 'சிங்கர்' என்று பெயர். தொழிற்சாலை போய்விட்டது. ஆனால் அங்கிருந்து போன மிஷின்கள் எத்தனையோ ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரிப்பேர் செய்ய யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு பாய் இருந்தால் போதும்.

தவணை முடிந்தால் பொருள் நம்முடையது என்று நினைக்கிறோம். பாதிதான் நிஜம். கெட்டுப்போனால் திறந்து பார்க்க முடிகிற வரைக்கும்தான் அது நம்முடையது. என் வீட்டில் போன வருடம் ஒரு கருவி பழுதானது. கம்பெனியைச் சொல்லவில்லை. திறக்கவே முடியாது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். முழுப் பணம் கொடுத்து வாங்கியதுதான். அது யாருடையது?

பாய் கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 850 ரூபாய் வாங்கிக்கொண்டார். 'இனிமே தலைக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வைங்கம்மா' என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அன்றைக்கே உட்கார்ந்துவிடவில்லை. இரண்டு நாள் சும்மா துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் டகடகவென்று சத்தம் கேட்டது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தினமும் கேட்டுத் தூங்கிய சத்தம். என் பழைய பேன்ட் ஒன்று கால் வேறு இடுப்பு வேறாகக் கிடந்தது. பையாகிக்கொண்டிருந்தது. அதற்கடுத்து அப்பாவின் பழைய வேட்டியில் நாலு தலையணை உறை.

அடுத்த மாதம் பேப்பர்காரர் வந்தார். மிஷின் இருந்த இடத்தைப் பார்த்தார். தராசை எடுத்தபோது அவருடைய சாக்கு அடியில் கிழிந்து தொங்கியதை அம்மா கவனித்தாள். 'அதை இப்படிக் குடுப்பா' என்றாள். பெரிய ஊசி மாட்டி, இரண்டு ஓட்டு ஓட்டிக் கொடுத்தாள்.

'எவ்வளவும்மா?' என்றார் அவர், பேச்சுக்கு.

நான் 'அதெல்லாம் வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா 'பத்து ரூபா' என்றாள்.

வாங்கினாள். டிராயரைத் திறந்து, தவணை அட்டை மேல் வைத்து மூடினாள்.